மூன்றாவது பட்டை

இதைச் சொன்னால், "உங்க ஆபீஸ்ல எல்லாரும் என்னத்தைக் குடிச்சிட்டு வேலை பாக்குறீங்க?" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். நடந்தது நடந்ததுதான். பாதியை நானே என் கண்ணால் பார்த்தேன். மீதியைச் சொன்னவன் என் பக்கத்து மேஜைக்காரன். அவனுக்குப் பொய் சொல்ல வராது. லீவு வேண்டும் என்றால் ஊரெல்லாம் வயிற்றுவலி என்று எழுதும். இவன் "வர மனமில்லை" என்று எழுதிக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வான்.

அலுவலகத்தில் அவனுக்குச் சல்லடை என்று பேர். எங்கள் வேலை அப்படி. ஒரு சின்ன விமானம் காட்டின் மேல் பறக்கும். பறந்துகொண்டே கீழே லேசரைப் பொழியும். இலையில் பட்டது, மரத்தில் பட்டது, மண்ணில் பட்டது எல்லாம் கோடிக்கணக்கான புள்ளிகளாகத் திரும்பி வரும். அந்தப் புள்ளிகளைச் சலித்து, இது மண், இது இலை, இது அடிமரம் என்று பிரிப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

பிரித்த பிறகு கேள்வி ஒன்றுதான். காடு தீப்பிடித்தால் தீயணைப்புத் துறையின் எட்டுச் சக்கர வண்டி எந்த வழியாக உள்ளே போகும்? சாலை கிடையாது. தடித்த மரங்கள் நெருக்கி நின்றால் வரைபடத்தில் சிவப்பு அடிப்போம், போக முடியாது. தள்ளித் தள்ளி நின்றால் மஞ்சள். வளைத்து வளைத்துப் போகலாம். தொடையைவிட மெல்லிசான மரம் என்றால் பச்சை. பதினைந்து டன் வண்டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. முட்டிச் சாய்த்து, மேலே ஏறி, போய்க்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட மெல்லிசு மரத்துக்கு எங்கள் அறையில் குச்சி என்று பேர். "குச்சிதானே, ஏத்து" என்பது எங்களுக்குள் சாதாரணப் பேச்சு.

அந்த வண்டியை ஓட்டியவன் சல்லடையின் மச்சினன், மனைவிக்கு ஒரே தம்பி. வேலையை வாங்கிக் கொடுத்ததே சல்லடைதான். மச்சினன் வாட்டசாட்டமான ஆள். நல்லவன், ஆனால் மூக்குக்கு மேல் கோபம். அக்காவுக்கு அவன் தம்பி இல்லை, மூத்த பிள்ளை. "நீங்க போடுற மேப்பைப் பாத்துத்தான் அவன் ஓட்டுறான். அவனுக்கு ஒண்ணுன்னா உங்களைத்தான் கேப்பேன்" என்று சாப்பாடு போடும்போதெல்லாம் சொல்லுவாள். சல்லடை தலையாட்டுவான். ஒவ்வொரு வரைபடத்தையும் இரண்டு தரம் சரிபார்ப்பான்.

காட்டின் மேற்கு ஓரத்தில் ஒரு பள்ளத்தாக்கு. அங்கேதான் வந்தது வினை.

அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கக் குச்சிகள் தெரிந்தன. ஒன்றுக்கும் இலை இல்லை, கிளை இல்லை. எல்லாம் ஆள் உயரம். எதுவும் அதற்கு மேல் வளரவில்லை. பழைய தீயில் எரிந்த கட்டைகளாக இருக்கும் என்று சல்லடை நினைத்தான். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

இன்னொன்றும் இடித்தது. விமானம் ஒரே மூச்சில் முழுக் காட்டையும் அளக்காது. நிலத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்துக்கொண்டு, போய்ப் போய்த் திரும்பும். ஒரு பட்டையின் ஓரம் அடுத்த பட்டையின் மேல் பாதிக்குப் பாதி ஏறிக்கொள்ளும். அங்கே ஒரே மரம் இரண்டு தரம் பதிவாகும். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டும். இந்தக் குச்சிகள் உட்காரவில்லை. முதல் பட்டையில் இருந்த இடத்திலிருந்து இரண்டாவது பட்டையில் இருபது மீட்டர் தள்ளி நின்றன. மூன்றாவதில் இன்னும் ஓர் இருபது. எல்லாம் ஒரே திசை, ஒரே அளவு.

விமானம் காற்றில் ஆடினால் பட்டை இப்படி விலகும். அப்போது என்ன செய்வோம்? விலகிய பட்டையைப் பிடித்து நகர்த்தி, மரத்தின் மேல் மரத்தை உட்கார வைப்போம். சல்லடையும் அதைத்தான் செய்தான். நகர்த்தியதும் நூற்றுக்கணக்கான குச்சிகள் அச்சுப் பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தன. ஓரத்தில் இருந்த நாலைந்து பெரிய மரங்கள் மட்டும் இரட்டை இரட்டையாகத் தெரிந்தன. நாலைந்துதானே, பிழைப் புள்ளி என்று அவற்றைச் சலித்துத் தள்ளிவிட்டான். எங்கள் பிரிவுத் தலைவி மேடம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பள்ளத்தாக்கு பச்சையானது.

வரைபடம் சரியா என்று வண்டியை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அந்த வாரம் மச்சினனின் முறை. கூடப் போனது சல்லடை.

வானம் மூடிக் கிடந்தது, மழை இல்லை. மதியச் சாப்பாட்டை வண்டியிலேயே முடித்துக்கொண்டு பள்ளத்தாக்குக்குள் இறங்கினார்கள். முழங்கால் உயரப் புல், அடியில் ஈரமண். அவ்வளவுதான். கட்டையும் இல்லை, குச்சியும் இல்லை.

"மாமா, மரம் எங்க?"

"இங்கதான்... நிறைய இருக்கணுமே."

"மாடு மேஞ்சிட்டுப் போயிடுச்சா?" மச்சினன் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தான். "இதுக்கா அக்காகிட்ட ராத்திரியெல்லாம் வேலைன்னு பீலா விட்டீங்க?"

சல்லடைக்கு மானம் போனது. டேப்லெட்டை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தான். வண்டி ஒரு நீலப் புள்ளி. சுற்றிலும் கறுப்புப் புள்ளிகளாகக் குச்சிகள். கண்ணாடிக்கு வெளியே வெறும் புல்.

"சும்மா ஓட்டு மாப்ள. இருந்தாலும் குச்சிதான். ஏத்திட்டுப் போயிடலாம்."

இந்த வார்த்தையைத்தான் இன்றைக்கும் அவன் சொல்லிச் சொல்லி அழுகிறான்.

டொம்!

வண்டியின் மூக்கில் எதுவோ மோதியது. ஸ்டியரிங் கையை உதறியது. மச்சினன் பிரேக் போட்டு இறங்கிப் பார்த்தான். கல் இல்லை. பம்பரில் கீறல்கூட இல்லை. "பள்ளத்துல விழுந்திருக்கும்" என்று முனகிக்கொண்டு ஏறினான்.

மறுபடி டொம். இந்தத் தடவை அதோடு நிற்கவில்லை. முன்சக்கரம் எதன் மேலோ ஏறி இறங்கியது. மளார் என்று ஒரு சத்தம். அடுத்த சக்கரம். மளார். அதற்கடுத்தது. பச்சை மரம் முறிகிற சத்தம் அல்ல. சல்லடை பக்கக் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். புல்லும் டயர் தடமும் மட்டும்.

டேப்லெட்டைப் பார்த்தான். நீலப் புள்ளி ஒரு கறுப்புப் புள்ளியின் மேல் நின்றது.

அடுத்த கறுப்புப் புள்ளி ஒரு வண்டி நீளம் தள்ளி. வண்டி நகர்ந்தது. நீலம் கறுப்பைத் தொட்டது.

டொம்... மளார்.

"நிறுத்து மாப்ள!"

நின்றது. என்ஜின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. ஒரு பறவை இல்லை, ஒரு பூச்சி இல்லை. அப்போதுதான் அதையே கவனித்தான்.

டொம்!

நின்றுகொண்டிருக்கும் வண்டியில்... இடப்பக்கம். அவன் கதவில்.

தகடு உள்ளே குழிந்தது. சரியாக நெஞ்சு உயரத்தில்.

பிறகு வலப்பக்கம். பின்னால். முன்னால். எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில். டொம் டொம் டொம் டொம்... கண்ணாடியில் விரிசல் ஓடியது. விரிசலுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

மச்சினனுக்குப் பயம் வரவில்லை. கோபம் வந்தது.

"எவன்டா அது! என் வண்டியிலயா கை வைக்கிற!"

ரிவர்ஸ் போட்டு மிதித்தான். பின்னால் எதுவோ சரிந்தது. மளார்... மளார்... மளார்... மளார். வண்டி ஏறி இறங்கியது. முன்னால் போட்டு மிதித்தான். மறுபடி மளார்... மளார்... அடித்தகட்டில் எதுவோ நீளமாக உராய்ந்தது. நகம் மாதிரி.

"வேணாம் மாப்ள! விட்டுடு!"

"குச்சிதானே மாமா! குச்சிதானே!"

முன்னால். பின்னால். முன்னால். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஓட்டினான். நெற்றி நரம்பு புடைத்திருந்தது. அவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று சல்லடைக்குத் தெரியவில்லை. கண்ணாடியில் ரத்தம் இல்லை, புல்லில் ரத்தம் இல்லை.

சட்டென்று எல்லாச் சத்தமும் நின்றது.

பிறகு வண்டி பக்கவாட்டில் நகர்ந்தது.

சக்கரம் உருளவில்லை. பதினைந்து டன் வண்டி, எட்டுச் சக்கரமும் சேற்றை உழுதுகொண்டு, அப்படியே இடப்பக்கமாக... எதுவோ தள்ளியது. வலப்பக்கத் தகடு முழுக்க உள்ளே வளைந்தது.

"மாமா! ஓடை எந்தப் பக்கம்?"

அங்கே மழைத்தண்ணீர் அறுத்த ஓடை ஒன்று இருந்தது. இரண்டாள் ஆழம். வரைபடத்தில் அது வண்டிக்கு முன்னால், நாற்பது மீட்டருக்கு அப்பால் இருந்தது.

"நேரா போ! நேரா நாப்பது மீட்டர் பச்சை! மிதி!"

மச்சினன் நம்பினான். மிதித்தான்.

அந்த நொடியில்தான் சல்லடைக்கு உறைத்தது. விமானம் ஆடவில்லை. பட்டை விலகவில்லை. அதுகள்தான் நடந்திருக்கின்றன. எல்லாம் சேர்ந்து, ஒரே அடியாக. நடந்து போனதைப் பிடித்து நிறுத்த, அவன் நிலத்தையே நகர்த்தியிருக்கிறான். அப்படியானால் ஓடை...

"நிறுத்து!"

முன்சக்கரங்களுக்குக் கீழே தரை இல்லை.

வண்டி தலைகீழாக விழுந்தது. கண் திறந்தபோது சல்லடை பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தான். கைக்கடிகாரத்தில் மூன்று இருபது. மச்சினனின் வலது கால் ஸ்டியரிங்குக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. அவன் பக்கத்து ஜன்னலில் கண்ணாடி இல்லை.

"மாமா... யாரோ இழுக்குறாங்க மாமா..."

உடம்பு ஜன்னல் பக்கம் நகர்ந்தது.

சல்லடை பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு பாய்ந்து அவன் கையைப் பிடித்தான். மறுபக்கம் இழுத்தது. விட்டது. வெடுக்கென்று மறுபடி இழுத்தது. மச்சினனின் தோள்மூட்டு கழன்ற சத்தம் கேட்டது. அவன் அலறினான்.

"விடாதீங்க மாமா... விடாதீங்க..."

"விட மாட்டேன்டா! செத்தாலும் விட மாட்டேன்!"

நகம் பெயர்ந்தது. கை வழுக்கியது. சட்டைக் காலரைப் பல்லால் கடித்துக்கொண்டான். காலை உதைத்ததில் சைரன் பொத்தானில் பட்டது. சைரன் அலறியது.

இழுப்பு நின்றது.

சைரன் கொஞ்ச நேரம் அலறிவிட்டுத் தானாக அடங்கியது. அதன் பிறகு தலைக்கு மேல், வானத்தைப் பார்த்துக் கிடந்த வண்டியின் அடிவயிற்றில்...

தப்... தப்... தப்...

ஒருவர் இல்லை, இருவர் இல்லை. கூட்டம். நடந்து கடந்துகொண்டே இருந்தது.

வெகுநேரம் கழித்து விமானச் சத்தம் கேட்டது. வயர்லெஸ்ஸில் பதில் வராததால் மேடம் எங்கள் விமானத்தையே தேட அனுப்பியிருந்தார். அது மேலே சுற்றிச் சுற்றி வழிகாட்ட, மீட்புக்காரர்கள் கதவை அறுத்தார்கள். மச்சினனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு ஆம்புலன்சுக்கு ஓடினார்கள்.

கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிவு, தோள் கழன்றிருந்தது. மற்றபடி உயிருக்கு ஆபத்து இல்லை என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா சல்லடையின் நெஞ்சில் இரண்டு கையாலும் மாறி மாறி அடித்தாள். பிறகு அதே சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "உயிரோட கொண்டுவந்துட்டீங்க, அது போதும்" என்று அழுதாள். நானும் அங்கே இருந்தேன்.

இனி நான் பார்த்தது.

மறுநாள் சாயங்காலம், விசாரணைக்காக ஓடையின் சரியான இடம் வேண்டும் என்று மேடம் கேட்டார். தேடப் போன விமானி பழக்கதோஷத்தில் லேசரை அணைக்காமலே மூன்று தரம் பறந்திருந்தார். மூன்று பட்டை. அந்த வேலை என் மேஜைக்கு வந்தது.

முதல் பட்டையைத் திறந்தேன். ஓடைக்குள் வண்டி மல்லாந்து கிடந்தது. சக்கரங்கள் தெளிவாகத் தெரிந்தன. கரையில் மீட்புக்காரர்கள், ஆள் உயரத்தில். அவர்களைச் சுற்றிக் குச்சிகள்... இருக்க இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு.

கூடவே விமானம் எடுத்த புகைப்படத்தைப் பார்த்தேன். மீட்புக்காரர்கள் ஆறு பேர் மட்டும்.

இரண்டாவது பட்டை. ஸ்ட்ரெச்சர் ஓடைக் கரையிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. வண்டியைச் சுற்றி ஒரு குச்சி இல்லை. எல்லாம் ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால்.

மூன்றாவதைத் திறக்க மனமே வரவில்லை. திறந்தேன்.

பள்ளத்தாக்கு காலி. சுத்தமாகக் காலி.

காட்டுச் சாலையில் ஆம்புலன்ஸ் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்கதவுக்குக் கையெட்டும் தூரத்தில் முதல் குச்சி. அதன் பின்னால் சாலையின் அகலம் முழுக்க... படத்தின் விளிம்பு வரை.

போனை எடுத்தேன்.

"மாப்ள எப்படி இருக்கான்?"

"தூங்குறான். இப்பதான் ஊசி போட்டாங்க." சல்லடை கிசுகிசுத்தான். "ஏன்டா குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"கூட யார் இருக்கா?"

"நான் மட்டும்தான். அவ மருந்து வாங்கப் போயிருக்கா."

"அவனைத் தூக்கிட்டு அந்த ரூமை விட்டு வெளிய வா. உடனே."

"லூசாடா நீ? கால் ஒடிஞ்சு கிடக்கிறவனை எங்க..."

டொம்.

போனில் தெளிவாகக் கேட்டது.

"யாரு?" என்றான் சல்லடை, என்னிடம் இல்லை.

டொம்... டொம்...

"மாப்ள! டேய் மாப்ள, கையைக் குடு... விட மாட்டேன்... விட மாட்டேன்டா..."

மளார்.

மளார்.

மளார்.

மளார்.

ஒரு மூச்சு விடும் நேரம் நின்றது. பிறகு, திரும்பி வருவது மாதிரி... மறுபடி நான்கு முறை.

போன் கீழே விழுந்தது. அதன் பிறகு ஓர் ஆள் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

நான் ஓடிப் போனபோது அறையில் கூட்டம். மச்சினனின் முகத்தை மூடியிருந்தார்கள். சல்லடை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஒரு கீறல் இல்லை. மச்சினனின் கை இன்னும் அவன் கைக்குள் இருந்தது. பிரித்து எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. வாசலில் மருந்துப் பையோடு அக்கா நின்றாள். அவள் அழவில்லை. புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விலா எலும்பு ஒன்றுகூட முழுதாக மிச்சமில்லை என்றார்கள். அறையில் இருந்தது சல்லடை ஒருவன்தான். போலீஸ் அவனைப் பிடித்து வைத்தது. அக்காவால் அவன் சொன்னதை நம்பவும் முடியவில்லை, அவனைச் சந்தேகப்படவும் முடியவில்லை. மேப்பைப் போட்டதும் நீதான், ஏற்றச் சொன்னதும் நீதான் என்று யாரும் கேட்கவில்லை. அவனே தன்னைக் கேட்டுக்கொண்டான். "ஏத்தச் சொன்னது நான்டா. என்னை ஏன் விட்டுச்சு?"

நான்காம் நாள் அவனை விட்டுவிட்டார்கள். விடச் சொன்னவர் உடலை அறுத்துப் பார்த்த டாக்டர்.

அவர் என்னையும் மேடத்தையும் கூப்பிட்டு ஒரு புகைப்படத்தைக் காட்டினார். மச்சினனின் மார்பு. ஒரு தோளிலிருந்து மறு விலா வரை பட்டையாக ஒரு தடம். சாய்வுக் கோடுகள், நடுவில் ஒரு பள்ளம், வரிசையாகக் கட்டம் கட்டமாக. மடிப்புகளில் ஈரச் சேறு. இரண்டு புல் இதழ்.

"இது என்ன தெரியுதா?" என்றார்.

தெரிந்தது. தினமும் பார்க்கிறோமே. எங்கள் எட்டுச் சக்கர வண்டியின் டயர்.

"அந்த வண்டி அன்னிக்கு எங்க இருந்தது?"

நான்தான் சொன்னேன். அது ஓடைக்குள்ளேயே கிடந்தது, சார். மல்லாந்து, எட்டுச் சக்கரமும் வானத்தைப் பார்த்தபடி. கிரேன் வந்து தூக்கியது அவன் செத்ததற்கு மறுநாள்தான்.